மாப்பிள்ளையின் இஞ்சின்

சின்ன வயதில் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. தச்சநல்லூரில் எங்கள் வீட்டுப் புறவாசல் சுவரை ஒட்டித்தான் ரயில் போகும். சத்தம் கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவேன். சக்கரங்களை எண்ணுவேன். மூன்று, நடுவில் ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. எல்லா இஞ்சினுக்கும் அநேகமாக அதே கணக்குதான். முகப்பில் உள்ள எழுத்துதான் இனம் சொல்லும். 'பி' என்றால் ஆட்கள் போகும் வண்டி இஞ்சின், 'ஜி' என்றால் சரக்கு. உலகத்தையே இப்படிப் பிரித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

சித்தியைப் பெண் பார்க்க வந்தவர் ரயில் ஓட்டுகிறவர். தாத்தாவுக்கு வாயெல்லாம் பல். "மாப்ள எக்ஸ்பிரஸ் ஓட்டுதாம்லா" என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. சித்தியோ அழுதுகொண்டே இருந்தாள். கோயம்புத்தூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணம் ஆனால் அது போச்சு. அவள் பேச்சு வீட்டில் எடுபடவில்லை.

சொஜ்ஜி, பஜ்ஜி ஆனதும் இரண்டு பேரும் புறவாசலில் பேசட்டும் என்றார்கள். காவலுக்கு என்னை அனுப்பினார்கள். நல்ல காவல்! ரயில் சத்தம் கேட்டதும் நான் சுவரேறிவிட்டேன். இறங்கி வந்தபோது சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்துக்குத் திரும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் இஞ்சின் 'பி'யா, 'ஜி'யா என்று கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, சும்மா இரி!" என்றாள் அம்மா.

அவர் சித்தியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஜிதான் பாப்பா" என்றார்.

"அப்பம் கூட்ஸு வண்டில்லா!" என்று கத்தினேன்.

தாத்தாவின் முகம் சுண்டிப்போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை தன் அப்பாவின் கையைப் பிடித்து அமர்த்திவிட்டார். "பொய் சொல்லிப் பொண்ணு கேக்க வந்திருக்காவ" என்று தாத்தா கொதித்தார். சம்பந்தம் அத்தோடு முறிந்தது. அடுத்த வரன் வருவதற்குள் கோயம்புத்தூரில் சேர்ந்துகொள்ளச் சித்திக்கு அனுமதியும் கிடைத்தது. எல்லாம் என் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தி பெட்டி கட்டிக்கொண்டிருந்த சாயங்காலம், ஜங்ஷனிலிருந்து கிளம்பிய எக்ஸ்பிரஸ் மெதுவாக வந்தது. சுவர்மேல் நின்று பார்த்தேன். முகப்பில் 'பி'. ஜன்னலில் அவர்.

"சித்தி! அந்த மாமா 'பி' இஞ்சின்ல போறாவ!"

ஒருநாளும் ரயிலைத் திரும்பிப் பார்க்காத சித்தி, கையிலிருந்த சேலையோடு ஓடிவந்தாள். கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தான் ஓட்டுகிற இஞ்சின் எந்த இனம் என்றுகூடத் தெரியாத ஒருவரிடம் ரயிலை எப்படிக் கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரே கோபம். அன்று ராத்திரி சோறே இறங்கவில்லை.