காஜா பெராங்கில் பிற்பகல் கிளினிக்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் நான் மலாக்காவில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். எல்லாருக்கும் நான் ‘மிஸ்ஸி’. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலையில் இன்சுலின் போடுவதும் சிறுநீர் டெஸ்ட் செய்வதும் என் வேலை. டெஸ்ட் டியூபில் பெனடிக்ட் மருந்தோடு சிறுநீரைச் சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் நிம்மதி. செங்கல் நிறத்துக்கு மாறினால் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த நிறங்கள் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.

ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களில் பலர் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார்கள். எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, வராத ஆக்களை ஏசிப் பிரயோசனமில்லை. ஏன் வரேல்லை எண்டு வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வாரும்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் போனது அதே ஊரில் காஜா பெராங் பகுதியில் ஆப்பம் சுட்டு விற்கும் அஞ்சலை அக்கா வீட்டுக்கு. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். வியாபாரம் முடிந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தார். இடது காலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுண்டுவிரல் கறுத்து, பாதத்தின் ஓரம் சீழ் வடிந்தது.

“என்னக்கா இது?”

“அடுப்புத் தணல் விழுந்திருக்கும் போல மிஸ்ஸி. வலியே இல்லலா, அதான் சும்மா விட்டுட்டேன்.”

வலி இல்லை என்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. சர்க்கரையால் கால் மரத்துப் போயிருந்தது.

“கிளினிக்குக்கு ஏன் வரல?”

“நீங்க ஊசி போடுற நேரம்தான் எனக்கு யாவாரம். அடுப்ப விட்டுட்டு வந்தா, புள்ளைங்க என்னாத்த சாப்பிடும்?”

அன்று மாலையே டாக்டர் நேரில் வந்து பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து விரலை எடுத்தால்தான் காலைக் காப்பாற்றலாம் என்றார். அக்கா அழுதுவிட்டார்.

“அங்க போனா முழுக் காலையும் எடுத்துடுவாங்க. அப்புறம் யாரு அடுப்பு முன்னால நிப்பா? நான் போக மாட்டேன் டாக்டர்.”

பக்கத்து வீட்டில், பல தலைமுறைகளாக மலாயே பேசிவரும் மலாக்கா செட்டிக் குடும்பத்து அம்மா ஒருவர் இருந்தார். தமிழ் பேச வராது. ஆனால் அழுகையைக் கேட்டு வந்தவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அஞ்சலை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “பெர்கிலா அஞ்சலை. டாப்பூர் சயா ஜாகா” என்றார். போய் வா, அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அவர் திரும்பி வரும்வரை அந்த அம்மாதான் ஆப்பம் சுட்டு விற்றார். விரல் போயிற்று, கால் தப்பியது. வீட்டிலேயே ஊசி போட மூத்த மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

மற்ற வீடுகளிலும் நான் கேட்டது ஏறக்குறைய இதே கதைதான்: ஊசி நேரமும் வேலை நேரமும் ஒன்று. டாக்டரிடம் சொன்னேன். ஊசியை வீட்டிலேயே போட அவர்களுக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னார்; டெஸ்டுக்கும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் வாரத்தில் சில நாள் பிற்பகலிலும் கிளினிக்கைத் திறக்கச் சொன்னார்.

முதல் நாள் பெஞ்சில் இடமில்லை. நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்பவர், சலவைத் தொழிலாளி, மீன் கடைக்காரர் எல்லாரும் வேலை முடிந்த கையோடு வந்திருந்தார்கள். டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இவையெல்லாம் இவ்வளவு நாளும் எங்கை இருந்தவை?”

“வேலையிலதான் டாக்டர்!” என்றார் அஞ்சலை அக்கா. பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, வராமல் போன நோயாளியைத் தேடிப் போனபோதெல்லாம் நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: “எந்த நேரம் உங்களுக்குத் தோதுப்படும்?”