காணும் பொங்கலன்று விட்டுக்கொடுத்த பாடு

"உங்க ஊருக்கு எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?" என்று பட்டணத்துக்காரர்கள் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ்க்கைப்பட்ட பாவத்துக்கு நானும் சொல்லித் தொலைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள், மழை. மார்கழியில் பூநாரைகள் வந்து இறங்கும். தையில் இறால் கொழுத்திருக்கும், நண்டில் சதை இருக்கும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம், ஆனால் அந்தப் புழுக்கம் உங்களுக்கு ஆகாது. ஆகவே தையில் வாருங்கள், வந்து தின்றுவிட்டுப் போங்கள். எங்கள் குடி கெட்டதும் ஒரு தை மாதத்தில்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தில் இறால் ஏறும் இடத்தை ஊரார் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு வரும் நாளில் அந்தத் தண்ணீர் உனக்கு. மற்ற நாளில் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. சொந்த வலை இல்லாதவனுக்குப் பாடு கிடையாது. வலையில்லாமல் முறை தவறினால் வரிசையிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

எங்களுடையது பழைய நூல் வலை. வலையைவிட ஒட்டுதான் அதிகம். அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் மார்கழி முழுக்க ஒரே பேச்சுதான்: "காணும் பொங்கலன்னிக்கு நம்ம பாடும்மே. அமாவாச தண்ணி வேற, எறா ஏறும். அந்த ஒரு நாளு போதும், நைலான் வல வாங்கிடலாம்." எனக்கும் அந்த ஒரு நாள்தான் கண்ணில் நின்றது.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் ஊர்ப் பெரியதனக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கி பட்ணத்துலேர்ந்து ஆபீசரு குடும்பத்தோட பறவ பாக்க வராரு. ஒன் படகுதான் அகலம், ஆடாது. நீதான் கூட்டிக்கினு போவணும்பா. நம்ம ஊருக்கு ரோடு போட்டுக் குடுக்கற மனுசன்."

"நாளைக்கி எம் பாடுங்க" என்றார் இவர்.

"இன்னா பெரிய பாடு? ஒம் பங்காளிகிட்ட மாத்திக்கோ. நாளைக்கி அவன் போடட்டும், மாசில வர்ற அவன் பாட்ட நீ எடுத்துக்கோ. நான் சாட்சி."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவர் வீட்டுப் பாடாக இருந்தால் இப்படி வாய் கூசாமல் கேட்டிருப்பாரா? இவரோ பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். ஊர் முன்னால் மாற்றிய பாட்டைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்களில் இல்லை.

பெரியதனக்காரர் தலை மறைந்ததும் நான் இவரிடம் கத்தினேன். "இன்னாய்யா, மாசில முகத்துவாரம் மண்ணடிச்சி மூடிக்கிச்சின்னா இன்னா பண்ணுவ? பூநாரய வலயில புடிப்பியா?"

"எல்லா வருசமுமா மூடுது? சும்மா இரு."

மறுநாள் இரண்டு காரில் வந்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் டிரான்சிஸ்டரும் தொப்பியுமாகப் படகு நிறைந்தது. முதலில் கடலும் ஏரியும் சேருமிடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். அதனால் இவரே படகைத் தள்ளிக்கொண்டு போய், பங்காளி எங்கள் தண்ணீரில் வலை இழுப்பதைப் பக்கத்திலிருந்து காட்ட வேண்டியதாயிற்று. அங்கே ஆபீசர் படம் பிடித்திருக்கிறார். பிறகுதான் பறவை.

விருந்துச் சமையல் என் தலையில். பங்காளியின் பெண்டாட்டி ஒரு கூடை இறால் கொண்டுவந்து வைத்தாள். "இன்னிக்கி வல தூக்க முடியலக்கா, அவ்ளோ எறா" என்றாள் சிரித்துக்கொண்டே. எங்கள் பாட்டில் விழுந்த இறாலை நான் உரித்து, நான் மசாலா அரைத்து, நான் வறுத்தேன். நண்டும் மடவை மீன் குழம்பும் வேறு. ஆபீசர் சம்சாரம் விரலைச் சப்பிக்கொண்டு, "நீங்கள்லாம் கொடுத்து வெச்சவங்கம்மா, தெனமும் இதையே சாப்பிடறீங்க!" என்றாள்.

"ஆமாங்க, குடுத்துட்டுதான் ஒக்காந்துக்கினு இருக்கோம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இவர் மட்டும் என்னை முறைத்தார். அன்று இவர் ஒரு இறாலைக்கூடத் தொடவில்லை.

மாசி பிறந்ததும் முகத்துவாரம் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் ஏறாத ஏரியில் இறால் எங்கிருந்து ஏறும்? எங்கள் முறை வந்த நாளில் இவர் போனார். வலையில் பாசிதான் வந்தது, அதன் கனத்தில் பாதி வலை கிழிந்தும் போனது. நியாயம் கேட்கப் போனோம். "மண்ணு அடிச்சா நானா பொறுப்பு? மாசிப் பாடுன்னு ஒத்துக்கினு தான மாத்தின?" என்றான் பங்காளி. பெரியதனக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே, "சொன்ன சொல்லு சொன்னதுதாம்பா" என்றார். அந்த வாய்தான் எங்கள் வாசலில் வந்து மாற்றிக்கொள்ளச் சொன்ன வாய்.

அடுத்த மழைக்காலத்தில் மிச்ச வலையும் போயிற்று. முறை தவறியது. வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். படகை விற்றுவிட்டுக் கவரைப்பேட்டையில் ஒரு குடிசைக்கு வந்தோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்புக் கம்பெனியில் இவருக்கு மூட்டை தூக்கும் வேலை. ஏரிக்காற்று பட்ட உடம்பு இரும்புத் தூசியில் இருமியது. ரோடு வந்தது, நான் பொய் சொல்லக்கூடாது. அதில் வருஷா வருஷம் தையில் கார்கள் வருகின்றன.

சில வருஷம் கழித்து ஊருக்குப் போனவர் ஒரு உறையோடு திரும்பினார். ஆபீசர் பெரியதனக்காரருக்கு அனுப்பிய படமாம். அவர் வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. படகில் கோலை ஊன்றி இவர் நிற்கிறார். முன்னால் தொப்பிக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

"எதுக்குய்யா இந்தக் கருமம்? அடுப்புல போடு" என்றேன்.

இவர் தம்மையும் பார்க்கவில்லை, தொப்பிக்காரர்களையும் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், தூரத்தில் குனிந்து வலை இழுக்கும் உருவத்தின் மேல் விரலை வைத்தார்.

"நம்ம பாடு. எவ்ளோ கனமா வருது பாரு" என்றார்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.