வாசமில்லாத சவர்க்காரம்

என் மகளை யாரிடமிருந்து வாங்கினாலும் நான் செய்யும் முதல் வேலை, அவள் கழுத்து மடிப்பில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பதுதான். முத்தம் கித்தம் எல்லாம் அதற்குப் பிறகு. பகல் முழுவதும் தேயிலை மலையில் நிற்கிற எனக்கு வேறு என்ன வாசம் கிடைக்கும்? பச்சைக் கொழுந்து, மழைக்கு இடுப்பில் கட்டிய நனைந்த படங்கு, அட்டை ஏறாமல் இருக்கக் காலில் பூசிய உடுப்புச் சவர்க்காரம். இத்தனையையும் மூக்கில் ஏற்றிக்கொண்டு, அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவேன்.

கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. நோட்டன் பிரிட்ஜ் பக்கம், நாங்கள் வேலை செய்யும் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் ஆயம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர். பகலில் முற்றத்தில் வெயில் இருக்கும்போதே தண்ணீர் காயவைத்து, எல்லாப் பிள்ளைகளையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் ஒரு பொட்டு வைத்து வாசலில் உட்காரவைத்துவிடுவார். "காலையில எப்புடி வேணும்னாலும் கொண்டாந்து போடுங்க. அந்திக்கு நான் குடுக்கிறது ரோசாப்பூ" என்பார். பொய்யில்லை. அந்தி நேரத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிள்ளைமேல் தண்ணீர் ஊற்றினால் குளிரில் விறைத்துப்போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தவிர, என் மகளுக்கு ஆயம்மா ஊற்றுகிற தண்ணீர்தான் குளிப்பு.

ஒன்றரை வயதில் அவளுக்குக் கரப்பான் வந்தது. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து என்று சிவந்து சொரசொரத்துப் போனது. சொறிந்து சொறிந்து நீர் கசிந்தது. கைகளுக்குக் காலுறை மாட்டித் தூங்கவைத்தேன். காலுறையோடேயே தேய்த்துக்கொண்டாள். காலையில் சட்டைக் கழுத்தில் இரத்தப் பொட்டு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிற தாய்க்கு அன்றைக்குக் கொழுந்தா கண்ணுக்குத் தெரியும்?

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கருவாட்டை நிறுத்து, கத்தரிக்காயை நிறுத்து, கோயிலில் மந்திரித்துக் கட்டு என்றார்கள். நிறுத்தினேன், கட்டினேன். ஒருத்தி மட்டும் என் வீட்டுக்காரர் யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாரோ என்று கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தும் கேட்டாள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

என் சந்தேகம் எல்லாம் சவர்க்காரத்தின் மேல் போய் நின்றது. அதுவரை பிள்ளைக்காம்பராவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற வாசச் சவர்க்காரம்தான் அவளுக்கும். முதலில் ஒன்று வாங்கினேன். பெட்டியில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை சிரித்தது. அந்தத் தோலைப் பார்த்து ஏமாந்தேன். இரண்டாம் நாளே என் பிள்ளை தண்ணீரைக் கண்டதும் வீறிட்டு அழுதாள். அடுத்து, கசப்பாக இருந்தால் மருந்தாகத்தான் இருக்கும் என்று வேப்பிலைச் சவர்க்காரம் வாங்கினேன். அதற்கும் அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருகிற மனுசன், அந்தத் தடவை பளபளக்கும் தாளில் சுற்றிய சந்தனச் சவர்க்காரத்தோடு வந்தார். "இருக்கிறதுலயே நல்லதா பாத்து வாங்கினேன்" என்றார். பாவம், நல்ல மனதோடுதான் வாங்கினார். பிள்ளை கல்யாணப் பெண் மாதிரி மணந்தாள். மணந்துகொண்டே சொறிந்தாள்.

அவர்தான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தார். "இது ஆறாட்டி ஒங்கக்காகிட்ட கொண்டுபோய் விடுவோம். அவ வீட்டோட இருக்கா, ஒரு ஆளா பாத்துக்குவா" என்றார். என் அக்கா கந்தப்பளையில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டைச் சுற்றி லீக்ஸும் கரட்டும் போட்டுக்கொண்டு இருப்பவள். நான் வேலையை விட முடியாது, ஒருத்தர் உழைப்பில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாது. அக்கா நல்லவள், என் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்ப்பாள். என் பயமே அதுதான். என் மகள் அப்போது பேசிய வார்த்தைகளே நாலைந்துதான். அம்மா என்று அவள் கூப்பிடுவது நான் அந்தியில் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நிற்கும்போது. கந்தப்பளையில் மூன்று மாதம் இருந்தால் அதை யாரைப் பார்த்துச் சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹட்டனில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். சிங்களப் பெண். நான் கொண்டுபோன சவர்க்காரங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து மேசையில் ஒதுக்கி வைத்தார். "சுவந்த எப்பா" என்றார். வாசம் வேண்டாமாம். பிறகு என் சிங்களத்திலும் அவருடைய தமிழிலுமாகப் பாடம் நடந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நுரை பொங்குகிற சவர்க்காரம் கூடாது. துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் களிம்பு பூச வேண்டும். சவர்க்காரம் முகர்ந்து பார்த்தால் மூக்குக்கு ஒன்றுமே தெரியக் கூடாது.

வாசமில்லாத சவர்க்காரம் குதிரைக்கொம்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாமசியில் நின்று ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்தேன். ரோஜா, மல்லிகை, எலுமிச்சை, பால், தேன். கடைக்காரப் பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, வாங்க வந்தீங்களா, மோந்து பாக்க வந்தீங்களா?" என்றான்.

"புள்ளைக்கு வாங்குறத மோந்துதான் தம்பி வாங்கணும். இந்தா, நீயும் ஒருக்கா மோந்து பாரு" என்று ஒரு பெட்டியை நீட்டினேன். அவன் சிரித்துவிட்டுக் கீழ்த்தட்டில் கையை விட்டுத் தூசு படிந்த பெட்டி ஒன்றை எடுத்தான். வாசம் இல்லாததால் யாரும் வாங்குவதில்லையாம். முகர்ந்தேன். ஒன்றுமில்லை. எனக்கு வந்த சந்தோசத்தில் இரண்டு கட்டி வாங்கினேன்.

மறுநாள் காலையில் அதை ஆயம்மாவிடம் கொடுத்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் சவர்க்காரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா புள்ள, சுண்ணாம்புக் கட்டியாட்டம் இருக்கு. மணமும் இல்ல, நுரையும் இல்ல. இதுல குளிச்சா குளிச்ச மாதிரியா இருக்கும்?"

"மணம்தான் ஆகாதாம் ஆயம்மா."

"சரி, டாக்டர் சொன்னா சரிதான். ஒன் புள்ளைக்குத் தனித் துண்டு, தனிச் சொம்பு. நீ கவலப்படாம மலைக்குப் போ."

அன்றைக்கு நாள் முழுக்க மழை. அந்தியில் தெப்பமாக நனைந்து போய்ப் பிள்ளையை வாங்கி, வழக்கம்போலக் கழுத்தில் மூக்கை வைத்தேன். ஒரு வாசமும் இல்லை. என் வாய் சும்மா இருக்கிற வாயா? "என்னா ஆயம்மா, இன்னைக்குக் குளிப்பாட்டலீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த மற்ற அம்மாமாரும் அங்கே நின்றார்கள்.

"குளிப்பாட்டினேனே" என்றார் ஆயம்மா.

அப்போதுதான் சவர்க்காரத்தின் ஞாபகம் வந்தது. "அட, ஆமால்ல" என்று சிரித்துக்கொண்டே பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். எனக்கு அது அத்தோடு முடிந்த பேச்சு.

அடுத்த நாள் அந்தியில் பிள்ளையிடம் லேசாக வாசம் இருந்தது. பத்துப் பிள்ளைகளையும் மாறி மாறி இடுப்பில் தூக்குகிற ஆயம்மாவின் சேலையில் சவர்க்காரமும் பவுடரும் எப்போதும் மணக்கும். அதுதான் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வாசம் எனக்குப் பிடித்திருந்தது, அதனால் தோண்டித் துருவவில்லை.

சவர்க்காரம் வேலை செய்தது. முழங்கை மடிப்பு ஆறியது. முழங்காலின் பின்பக்கம் ஆறி, பழைய தோல் உதிர்ந்து, பட்டு மாதிரிப் புதுத் தோல் வந்தது. கழுத்து மட்டும் ஆறவில்லை. கம்பளிச் சட்டையின் கழுத்து உரசுகிறது என்று அதை வெட்டிவிட்டுப் பழைய பருத்திச் சேலையில் பட்டி தைத்தேன். பாசிமணியைக் கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை நான் குளிப்பாட்டினால் திங்கள் காலையில் கொஞ்சம் தேவலை போல இருக்கும். திங்கள் அந்தியில் பார்த்தால் மறுபடியும் தக்காளிச் சிவப்பு. ஒரு நாள் அங்கே சீழ் வைத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு ஆள் கூடவே இருந்து கவனித்தால்தான் ஆகும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார்.

அதற்கு மேல் நான் என்னத்தைச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பது? பிள்ளைக்காம்பரா தூசு அவளுக்கு ஆகவில்லை என்று முடிவு கட்டினேன். அக்காவுக்குப் போன் பண்ணினேன். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பகல் பஸ்ஸில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. உடுப்பு, களிம்பு, சவர்க்காரம் எல்லாம் ஒரு பைக்குள் போனது. பையைக் கட்டும்போது வாய்விட்டு அழுதேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

சனிக்கிழமை காலை ஆயம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு, "போறப்ப நல்லா குளிப்பாட்டித் தாரேன்" என்றார்.

மனசு கேட்காமல் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன். முன்பக்கம் ஆள் இல்லை. பின்முற்றத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு அங்கே போனேன். ஆயம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீரைத் தன் மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்தார். என் சவர்க்காரத்தைத் தன் உள்ளங்கையில் குழைத்துப் பிள்ளைக்குப் பூசினார். துண்டால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். டாக்டரே வந்து நின்றிருந்தாலும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது. பிறகு பக்கத்துத் திண்டிலிருந்த வாசச் சவர்க்காரத்தில் இரண்டு விரலைத் தேய்த்துக்கொண்டார். அந்த நுரையைப் பிள்ளையின் கழுத்து மடிப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினார். பிள்ளை நெளிந்தாள்.

"இரு சாமி, ஆச்சு, ஆச்சு. ஒங்கம்மா வந்ததும் மொத இங்கதான மோந்து பாப்பா. கடசி நாளும் அதுவுமா, குளிப்பாட்டாம குடுத்தான்னு சொல்லிறக் கூடாதுல்ல."

"ஆயம்மா, என்ன பண்றீங்க?" என்றேன்.

அவர் திரும்பினார். "கழுத்துல மட்டுந்தான் புள்ள. கொஞ்சோண்டு. மத்த எடமெல்லாம் ஒன் சவுக்காரந்தான், சாமி சத்தியமா."

"அது ஆகாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?"

"நீதான அன்னைக்கி எல்லாரு முன்னுக்கும் குளிப்பாட்டலியான்னு கேட்ட. இத்தன வருசத்துல ஒருத்தங்க என்னய அப்புடிக் கேட்டதில்ல."

நான் ஏசினேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே ஏசினேன். பிள்ளையின் சீழைச் சொல்லி, இரத்தப் பொட்டைச் சொல்லி, நான் தூங்காத தூக்கத்தைச் சொல்லி ஏசினேன். ஏசிக்கொண்டிருக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையைக் கந்தப்பளைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பது அந்த அழுகைக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது. ஈரப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆயம்மா சுத்தமான தண்ணீரை மொண்டு பிள்ளையின் கழுத்தை மறுபடி மறுபடி கழுவினார். அவர் கண்ணும் வழிந்தது. "நானா கெடுத்தேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க பூசினீங்க, நான் மோந்தேன். ரெண்டு பேருந்தான்" என்றேன். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டேன். பிள்ளை நடுவில் இருந்தாள், மூன்று பேரும் நனைந்ததுதான் மிச்சம்.

பஸ் போய்விட்டது. அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "தொட்டிலு கூட கட்டி வச்சுட்டேனேடி" என்றாள். கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு தினமும் போன் பண்ணி முதலில் கழுத்தைப் பற்றித்தான் விசாரித்தாள்.

கழுத்து மெதுவாகத்தான் ஆறியது. சீழுக்கு மருந்து கொடுத்தார்கள், அது வற்றியது. சிவப்பு மங்கியது. ஒரு காலையில் சட்டைக் கழுத்தில் பொட்டு இல்லை. விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கரப்பான் இனி வரவே வராது என்று டாக்டர் சொல்லவில்லை. குளிர் கூடினால், பனி விழுந்தால் திரும்ப எட்டிப் பார்க்கும், பயப்படாதே என்றார். ஆனால் பிள்ளை என்னோடு இருந்தாள்.

பிள்ளைக்காம்பரா வாசலில் இப்போது வேறு கூத்து. மற்றப் பிள்ளைகள் பவுடரும் பொட்டுமாக உட்கார்ந்திருப்பார்கள். என் மகள் மட்டும் வெறும் முகத்தோடு இருப்பாள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் போடவில்லையா என்று யாராவது கேட்டால், "அது வாசம் ஆகாத புள்ள" என்று ஆயம்மா, ஏதோ பட்டம் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார்.

நான் போனதும் அவர் பிள்ளையை உடனே தரமாட்டார். முதலில் தானே அவள் கழுத்தில் மூக்கை வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். பிறகுதான் என் பக்கம் நீட்டுவார்.

"மோந்து பாரு."

நான் மூச்சை நன்றாக இழுப்பேன். "ஒண்ணுமே இல்லீங்க ஆயம்மா" என்பேன்.

மற்ற அம்மாமார் காதில் அது விழுந்ததா என்று அவர் ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்வார்.