உப்பளத் திருப்பத்தில் காய்ந்த நெத்திலி

பந்தயத்துக்கு வண்டியை எப்படித் தயார் செய்வது என்று இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பிளக், ஜெட், பிரேக் லைனிங் என்று சொல்லிவிடலாம். ரோட்டைத் தயார் செய்த கதையைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருஷம் வாய் வரவில்லை.

1. ரோடு பார்ப்பது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ராயபுரத்தில் ஒரு மோட்டார் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தேன். முதலாளி ஒரு வெள்ளைக்காரத் துரை. அவரிடம் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர் போகும் ரோட்டை ஒரு நாள் காலை அடைத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பதாக ஏற்பாடு. துரை ஓட்டுவார். பக்கத்தில் எங்கள் மெக்கானிக் காசிம் பாய் உட்கார்ந்து, ஆயில் பிரஷரைப் பார்த்துக்கொண்டு அடுத்த திருப்பத்தைத் துரையின் தோளில் தட்டிச் சொல்வார்.

வண்டி வேலை பத்து நாள். நான்கு பிரேக் டிரம்மையும் கழற்றி லைனிங் மாற்றினோம். கடல் காற்றுக்கு ஸ்போக் துருப்பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். யார் முடுக்கிய நட்டாக இருந்தாலும் எங்கள் ஷெட் மேஸ்திரி தானும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்ப்பார். ஆளை நம்புகிற ஜாதி இல்லை. அப்படிப்பட்டவர் ரோட்டு வேலையை என்னை நம்பி விட்டார்.

அது நடந்தே முடிக்க வேண்டிய வேலை. மணல் ஏறிய இடத்தில் பெருக்க ஆள் வைக்க வேண்டும். பிரேக் பிடிக்கும் இடத்தில் பனைமரத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட வேண்டும். பிறகு குப்பம் குப்பமாகப் போய், பந்தயத்தன்று வலையோ மீனோ ரோட்டில் காயப்போடக் கூடாது என்று சொல்ல வேண்டும். தார் ரோட்டில் மீன் சீக்கிரம் காயும் என்பதால் எல்லோரும் அங்கேதான் பரப்புவார்கள்.

2. போகாத குப்பம்

மூன்று குப்பத்தில் சொன்னேன். நான்காவது, உப்பளத் திருப்பத்தில் இருப்பது, நான் பிறந்த குப்பம்.

ஷெட்டில் நான் வண்ணாரப்பேட்டைக்காரன் என்று அளந்து வைத்திருந்தேன். மீன் வாடை என்று யாராவது மூக்கைப் பிடித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்று சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஷெட் ஆள் ஒருவன் கூட வந்தான். உள்ளே போனால் என் அக்கா அஞ்சலை, கையில் மீனோடு, “துன்னியாடா?” என்று கேட்டுக்கொண்டே வருவாள். குட்டு உடைந்துவிடும். மரத்தில் கோடு போட்டதோடு திரும்பிவிட்டேன். மறுநாள் தனியாகப் போய்ச் சொல்ல நினைத்தேன். மறுநாள் கியர்பாக்ஸில் வேலை வந்தது. அதற்கு அடுத்த நாள் பந்தயம்.

“அல்லா குப்பத்துலயும் சொல்ட்டியாபா?” என்று மேஸ்திரி கேட்டார்.

“சொல்ட்டேன் மேஸ்திரி.”

3. பந்தயத்தன்று

ரோட்டின் இரண்டு முனையில் மட்டும்தான் போலீஸ். எங்கள் வண்டிதான் முதலில் புறப்பட்டது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் கேட்ட இன்ஜின் சத்தம் நின்றுபோனது. மேஸ்திரியும் நானும் லாரியில் போனோம்.

திருப்பம் முழுக்கப் பாதி காய்ந்த நெத்திலி. அதில் சறுக்கிய வண்டி உப்பளத்தில் கவிழ்ந்து கிடந்தது. துரைக்குச் சிராய்ப்புதான். காசிம் பாய்க்கு வலது கை முழங்கையில் ஒடிந்து தொங்கியது.

போலீஸ்காரர்கள் மீன் கூடைகளை உப்புத் தண்ணீரில் உதைத்துத் தள்ளினார்கள். குப்பத்தார் ஓரமாக நின்றார்கள். முன்னால் நின்றவள் என் அக்கா. மேஸ்திரி அவளிடம் கத்தினார்: “இங்க மீனு போடாதேன்னு ஆளு வந்து சொன்னானா இல்லியா?”

அக்கா என்னைப் பார்த்தாள். என் காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

“சொன்னாங்க சாமி. இந்த சார்தான் வந்து சொன்னாரு. நாந்தான் மறந்துபூட்டேன்.”

அவளைச் சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். நான் செயின் போட்டு வண்டியை இழுத்தேன்.

4. பிறகு

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சோறு போட்டாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. “உன் வேல போச்சின்னா இன்னா பண்ணுவ? உடு, துன்னு” என்றாள். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

காசிம் பாயின் கை கடைசி வரை நேராகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், குப்பத்து ஜனங்க பண்ண வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் போன பிறகுதான் இதை எழுதுகிறேன். அதுவும் வெட்கக்கேடுதான்.

ரோடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மணலும் பள்ளமும் யார் கண்ணுக்கும் தெரியும். உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஆள் எந்தக் குப்பத்தில் இருக்கிறாரோ, அங்கே முதலில் போங்கள்.