தன் கோயில் கதவில் நோட்டீஸ் ஒட்டியவர்

பழைய இங்கிலாந்தில் தேவாலய ஆயராக இருப்பவரே அரசனின் அதிகாரியாகவும் இருப்பாராம். காலையில் பூசை, மத்தியானம் வரி. வரலாற்றுப் பாடத்தில் எனக்குத் தங்கியது இவ்வளவுதான். அதுவும் தங்கியதற்குக் காரணம், நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய செவன் ஹில்ஸில் எங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். கதிர்காமநாதன் அங்கிள்.

வார நாட்களில் அவர் கவுன்சில், அதாவது நகரசபை, அதிகாரி. அனுமதியில்லாமல் கட்டிய கொட்டகை, அனுமதியில்லாமல் நடக்கும் கடை, எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் கொடுப்பவர். வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் கோயிலின் தலைவர். கோபுரத்தைத் தேட வேண்டாம். டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கிடங்கு, அதுதான் கோயில். காரின் பின் சீட்டில் வேட்டி மடித்துக் கிடக்கும். காருக்குள்ளேயே சீருடையை மாற்றிக்கொண்டு உள்ளே போவார். பூசை முடிந்ததும் முதல் காளாஞ்சி அவருக்குத்தான். தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டை ஐயர் நீட்ட, ஒரு நாட்டையே பொறுப்பெடுப்பது போல அவர் வாங்குவார்.

அகதியாக வந்து, கவுன்சில் கழிப்பறைகளைக் கழுவி, வேலை முடிந்து படித்து அந்தச் சீருடையைப் பெற்றவர். கோயிலில் அவரைத் தலைவராக்கியது பக்திக்காக அல்ல. கவுன்சிலுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர்.

இரக்கம் கொஞ்சம் குறைவு. கராஜில் இடியப்பம் அவித்து விற்ற யோகராணி அன்ரிக்கு அவரே போய் நோட்டீஸ் கொடுத்தார்.

"அண்ணை, நேற்றும் இருபது வாங்கினனீங்கள்!"

"ஓம். நல்ல இடியப்பம். சட்டம் சட்டம்தான் தங்கச்சி."

கோயிலுக்கு மட்டும் அந்தச் சட்டம் கொஞ்சம் வளைந்தது. அனுமதி நூற்றிருபது பேருக்கு. தேருக்கு எழுநூறு பேர் வருவார்கள். வாசலை அடைக்கும் கார்களைப் பற்றி டயர் கடைக்காரன் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதினான். அது விசாரணைக்கு வந்து சேர்ந்தது அங்கிளின் மேசைக்கே. 'நான்தான் அங்கே தலைவர்' என்று மேலதிகாரியிடம் அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் சீருடையோடு கோயிலுக்குப் போனார். உள்ளே ஐயர் மட்டும் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். அறிக்கையில் எழுதினார்: ஆட்கள், ஒருவர்.

பொய் இல்லை, பாருங்கள்.

அதோடு தப்பியிருப்பார். கெடுத்தது எங்கள் ஆட்களின் மரியாதை. செயலாளர் சிறிதரன் அங்கிள் திருவிழாவுக்கு எட்டடி பேனர் அடித்தார். முருகனுக்குச் சரிசமமாகக் கதிர்காமநாதன் அங்கிளின் படம், கவுன்சில் சீருடையிலேயே. கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும்: 'கோயில் தலைவர், கவுன்சில் அதிகாரி, உயர்திரு கதிர்காமநாதன் அவர்கள்.' பட்டம் போடாமல் விட்டால் குறை நினைப்பார் என்று பயம். கட்டிய இடம், டயர் கடையைப் பார்த்த வேலி. டயர் கடைக்காரன் அதைப் படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டான்.

தேருக்கு முதல்நாள் மேலதிகாரி அங்கிளை அழைத்தார். விழாவை நிறுத்தும் நோட்டீஸை அவரே போய் ஒட்ட வேண்டும்; மறுத்தால் வேலை போகும். வேறு ஆளை அனுப்பலாமே என்று அங்கிள் கெஞ்சினாராம். "அங்கே உன்னைத்தானே எல்லோருக்கும் தெரியும்," என்றாராம் அந்த மேலதிகாரி அம்மா.

நாங்கள் தேருக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தபோது அங்கிள் வந்தார். வேட்டிக்கு மாறவில்லை.

"என்னண்ணை கையில?" என்றார் சிறிதரன் அங்கிள்.

"நாளைக்குத் தேர் இல்லை."

"பகிடி விடாதேங்கோ."

அங்கிள் தாளைக் கதவில் வைத்து அழுத்தினார். கதவில் எண்ணெய்ப் பிசுக்கு, டேப் பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். ஒரு மூலை கழன்று தொங்கியது.

"டேப் காணாதோ அண்ணை? என்னட்டை இருக்கு, தரட்டே?" என்றார் யோகராணி அன்ரி, தேன் ஒழுக. எல்லோரும் சிரித்தோம்.

"அம்பத்தெட்டு வயசில எனக்கு ஆர் வேலை தருவினம், சிறி?"

"முருகனைக் கேளுங்கோ. அவரும் இப்ப வேலையில்லாமல்தான் நிக்கிறார்."

அதற்கும் சிரித்தோம். நல்ல பகிடிதான்.

நிர்வாகக் கூட்டம் நாலு நிமிடம் நடந்தது. தலைவர் பதவி போனது. இரண்டு மாதத்தில் அந்த ஒற்றை ஆள் அறிக்கையைக் காட்டிக் கவுன்சிலும் அவரை நீக்கியது. யாருக்காக ஒட்டினாரோ, அவர்களும் வைத்திருக்கவில்லை.

சிறிதரன் அங்கிள் புதிய தலைவரானார். ஒரு லீவுக் கடிதம் எழுதவே அவருக்கு மகள் தாரிணி வேண்டும். ஆனால் ஐந்நூறு பேருக்கு அனுமதி கேட்டு அறுபத்தாறு பக்க விண்ணப்பம் கவுன்சிலுக்குப் போனது. அனுப்பியவர் பெயரில்லாத உறையில் அது சிறிதரன் அங்கிள் வீட்டுக்குத் தபாலில் வந்ததாம். கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டிருந்ததாம். தாரிணிதான் சொன்னாள். எழுதியது யாரென்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அனுமதி கிடைத்த வெள்ளிக்கிழமை சிறிதரன் அங்கிளுக்கு மாலை போட்டு, அவருடைய உழைப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். செருப்புகள் குவிந்த மூலையில் கதிர்காமநாதன் அங்கிள் நின்று கைதட்டினார். அருகில் இருந்தவர்கள் ஓரடி நகர்ந்துகொண்டார்கள். பக்கத்தில் போய் நிற்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் சோற்றுக்கு வரிசை தொடங்கிவிட்டது.