நாலு நாள் பிந்தி வந்த நியூட்ரினோ

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். யார் எந்தக் கண்டுபிடிப்போடு துள்ளிக்கொண்டு வந்தாலும், அது தற்செயலாக நடந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக் கத்தரித்து அனுப்பிவிடுவாள். அதுதான் உத்தியோகம். அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில், வீடு எரிந்த மறுநாள் பாலிசி எடுத்துவிட்டுத் தேதியை முன்னே தள்ளிக்கொண்டு வரும் மகானுபாவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வானத்தில் அந்த மாதிரி ஆட்கள் இருக்க மாட்டார்கள் என்று நம்பி இங்கே வந்தாள். பாவம்!

விஷயம் இதுதான். சில விண்மீன் திரள்களின் நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்து கண்டதையும் விழுங்குகிறது. அந்த அமளியில் காமா கதிரைப் பீய்ச்சியடிக்கிறது. அதைக் கிளப்புவது எலக்ட்ரானா, புரோட்டானா என்பதில்தான் அறிஞர்களுக்குள் அடிதடி. புரோட்டான் என்றால் கூடவே நியூட்ரினோ என்கிற துகளும் புறப்பட வேண்டும். அதுவோ குறுக்கே பூமியே நின்றாலும் மதிக்காமல் நேராகப் போகிற பிறவி. பனிக்கட்டிக்குள் ஆழத்தில் புதைத்த கருவிகளில் எப்போதாவது ஒன்று சிக்கும். திரள் பொங்குகிற சமயத்தில் அதே திசையிலிருந்து ஒன்று வந்தால், புரோட்டான்தான் ஆள், அகப்பட்டான்.

அவளுக்கென்று ஒரு திரள் இருந்தது. "எங்க வீட்டு மூத்தது" என்பாள். ஒன்பது வருடம் கல்லுளிமங்கன் மாதிரி கிடந்துவிட்டு, திடீரென்று பொங்கியது. பிறகு அந்தத் திசையிலிருந்து ஒரு நியூட்ரினோவும் வந்தது. ஆராய்ச்சிக்கூடத் தலைவர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்.

"உன் வேலை நிரந்தரம்னு வச்சுக்கோம்மா!"

அவள் ஒப்பந்தம் முடிய இரண்டே மாதம் இருந்தது. ஆனால் ஒன்பது வருடத்துக்கு முன்பே அவள் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தார்கள். பொங்கி உச்சிக்குப் போன நாளிலிருந்து முப்பது நாளுக்குள் நியூட்ரினோ வந்தால்தான் சேர்த்தி. இது வந்தது முப்பத்திநாலாம் நாள்.

தலைவர் தம் பிரதியைக் காபிக் கோப்பைக்கு அடியிலிருந்து உருவினார். எண் இருந்த இடத்தில் பழுப்பு வட்டம்.

"எண்ணே தெரியல பாரு. நாப்பதுன்னுதான் எனக்கு ஞாபகம்."

"என்கிட்ட ஒண்ணு இருக்கு சார்."

"தொலைஞ்சு போயிருக்கலாமே?"

வீட்டுக்குப் போய், பஸ் டிரைவரான கணவரிடம் சொன்னாள்.

"நாலு நாள்தானே? நான் அரை மணி லேட்டா போயிட்டு கரெக்ட் டைம்னு எழுதினதில்லையா?"

"ஏறினவங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும். நல்லா திட்டினாங்க."

சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்தாள். தாள் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீ போட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் தாளை மேசைமேல் வைத்தாள்.

"முப்பதுன்னு எழுதியிருக்கேன். இப்ப நாப்பதுன்னு மாத்தினா, வீடு எரிஞ்சப்புறம் பாலிசி எடுத்த கதைதான். கண்டுபிடிப்புன்னு நம்மகிட்ட ஒண்ணுமில்ல."

"உன் வேலையை நீயே கத்தரிச்சுக்கிட்டே" என்றார் தலைவர்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நேர்மையாக இருந்த பெருமை எல்லாம் ஒன்றும் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. "சனியனே, அத்தனை கோடி வருஷம் வந்தியே, நாலு நாள் முன்னாடி கிளம்பினா என்னவாம்!" என்று நியூட்ரினோவைத் திட்டித் தீர்த்தாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, புதுத் தாளில் நாற்பது நாள் என்று எழுதி, அன்றைய தேதி போட்டு, இரண்டு பிரதியைத் தலைவர் முன் வைத்தாள்.

"இனிமே அது எப்போ பொங்கும்?"

"இன்னும் ஒன்பது வருஷம் ஆகலாம்."

"உனக்கு ரெண்டு மாசம்தானே இருக்கு?"

"ஆமா. கையெழுத்துப் போடுங்க."

அவர் போட்டார். அவள் காபிக் கோப்பையைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தாள்.

"இது மேல வைக்காதீங்க சார். அப்போ இன்னொரு தாளை எடுத்துக் காட்ட நான் இருக்க மாட்டேன்."