பாவற்பந்தலை மூடிய கரைவலை

பேசாலை அலெக்ஸாண்டர் சம்மாட்டி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அடுத்தவனுடைய கரைவலையில் கயிறு இழுக்கத் தொடங்கி, பிறகு வலைக்கே முதலாளியாகி, சம்மாட்டி என்று பெயரெடுத்தவர். சொந்தமாக இரண்டு வள்ளம், கல்வீடு, நாலு பிள்ளைகளுக்குக் கல்யாணம். எல்லாம் அந்த இரண்டு கையால் வந்தவை. கடற்காகம் வட்டமிடும் விதத்தைப் பார்த்தே கீழே நிற்பது சாளை மீனா கீரி மீனா என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. தப்பியிருந்தாலும் அவர் வாயால் அது வெளியே வந்ததில்லை.

அந்தக் கண்ணில்தான் படலம் விழுந்தது. இரண்டு வருடம் முற்றத்து முருங்கைகூடப் புகையாகத் தெரிந்தது. போன மார்கழியில் யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் செய்து வீட்டுக்கு வந்த அன்று, செவ்வரத்தைப் பூவில் தலைகீழாகத் தொங்கிய ஒரு தேன்சிட்டைக் கண்டார். அதன் கழுத்தில் ஊதாவும் பச்சையும் மாறி மாறி மின்னின. எழுபத்திரண்டு வயது மனுசன் முற்றத்தில் நின்று அழுதார். மனைவி அன்ரோனெற் கேட்டதற்கு, கண்ணுக்கு விட்ட மருந்து வழிகிறது என்றார்.

அன்றிலிருந்து காலைத் தேத்தண்ணி தோட்டத்துக் கதிரையில்தான். செண்பகப் பறவை வேலியோரம் கள்ளனைப்போல நடப்பதும், தும்பி கொடிக்கயிற்றில் குந்துவதும், இத்தனையும் தன் வளவுக்குள்ளேயே நடந்திருக்கிறதே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி அவருக்குத் தீரவில்லை. சம்மாட்டியின் நன்றி மனதுக்குள் கிடக்குமா? ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பங்குச் சுவாமியிடம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"சுவாமி, பெரிய வெள்ளிக்குப் பாவற்காய் கடையிலை வாங்காதேங்கோ. முழுக்க என்ர பந்தல்லை இருந்து வரும். கண் தந்ததுக்கு நேர்த்தி."

ஆண்டவர் குடித்த கசப்பை நினைத்து அன்று கஞ்சியோடு பாவற்காய்க் கறி கொடுப்பது அவர்கள் கோயில் வழக்கம்.

விதை கொடுத்தவர் உயிலங்குளத்தில் தோட்டம் செய்யும் கமக்காரர் கனகரத்தினம். தையில் போட்டது மாசியில் பந்தலேறிப் பூத்தது. நேர்த்திக் காயில் கிளியும் அணிலும் வாய் வைத்துவிடக் கூடாதே! சம்மாட்டி பழைய கரைவலையின் மடியை, மீன் வந்து திரளுமே அந்தப் பையை, எடுத்து இரட்டையாக மடித்தார். பந்தலை நிலம்வரை மூடி, அடியில் ஈயக்குண்டும் கட்டினார். நெத்தலிகூட நழுவாத வலைக்கண்.

"இப்பிடி ஒரு பந்தல் மன்னார்த் தீவிலை வேறை ஆரிட்டை இருக்கு?" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார்.

பூ பூத்தது, கொட்டியது. பூவின் அடியிலிருந்த பிஞ்சுகள் மஞ்சளாகி விழுந்தன. பெரிய வெள்ளிக்கு நாலு கிழமைதான். ஒரு காய் இல்லை.

போனை எடுத்தார். "கனகு, நீர் தந்தது விதையோ, உமியோ?"

"அதே விதைதான் சம்மாட்டி இஞ்சை என்ர பந்தல்லை முழத்துக்குத் தொங்குது. உங்கட வலையிலை மீன் படாட்டிக் கடலையோ ஏசுறனீங்கள்?"

"ஓம், ஏசுறனான்தான்!" என்று போனை வைத்தார்.

அன்ரோனெற் மெதுவாகச் சொன்னார்: "கடையிலை வாங்கிக் குடுப்பம். ஆர் பாக்கப் போகினம்?"

"கண் தந்தவர் பாக்கமாட்டாரோ?"



மறுநாள் விடிய, சம்மாட்டி கதிரையைப் பந்தலுக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு கருவண்டு வந்து வலையில் முட்டியது. விலகியது. திரும்பவும் முட்டியது. அதற்குப் பக்கத்தில் நாலைந்து தேனீக்கள் வலைக் கண்ணுக்குக் கண் ஊர்ந்து வழி தேடின. மடிக்குள் அகப்பட்ட மீன் மூக்கால் முட்டுவதை ஐம்பது வருடம் பார்த்தவர் அவர். வெளியே நின்று முட்டுவதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இஞ்சேர், கத்தியைக் கொண்டா!"

"ஏன், தீவிலையே இல்லாத பந்தல் எண்டியள்?"

"கதையாதை. அந்தப் பக்கத்தைப் பிடி."

வலை பாதிகூட இறங்கவில்லை, அதற்குள் தேனீக்கள் உள்ளே பூக்களுக்குப் போய்விட்டன.

பிஞ்சு பிடித்ததும் கனகரத்தினத்துக்குப் போன் போனது; வலைக் கதை அதற்கு முதலே உயிலங்குளத்துக்குப் போய்விட்டிருந்தது.

"கனகு, உம்மட விதை திறம் எண்டு நான் எப்பவும் சொல்லுறனான்."

"எப்ப சொன்னியள்?"

"இப்ப சொல்லுறன், கேளும். கிளிக்கு என்ன செய்யிறது?"

"காயைப் பேப்பராலை சுத்துங்கோ சம்மாட்டி. பூவைச் சுத்திப்போடாதேங்கோ!" மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. சம்மாட்டியும் சிரித்துவிட்டார்.

பெரிய வெள்ளி காலை இரண்டு கடகம் நிறையப் பாவற்காய் கோயில் குசினிக்குப் போனது. பெரிய சட்டிக்கு அது தாராளமாகக் காணும். எல்லோரும் சம்மாட்டியின் கையைப் புகழ்ந்தார்கள்.

"விதை கனகரத்தினத்திட. வேலை தேனீக்களிட," என்றார் அவர். அன்ரோனெற் அதிசயமாகத் திரும்பிப் பார்த்தார். "ஆனா, பிழை எங்கை எண்டு கண்டது இந்தக் கண்!"

வீட்டுக்கு வந்தபோது, மேற்கொடியில் அவர் பேப்பர் சுற்றாமல் விட்டிருந்த ஒரு காய் பழுத்து வெடித்திருந்தது. கொண்டைக்குருவி ஒன்று சிவந்த விதைகளைக் கொத்திக்கொண்டிருந்தது. சம்மாட்டி சத்தமில்லாமல் கதிரையைத் தூக்கிக் கிட்டப் போட்டார்.